ஃபான் சுத்துது, படம் வரல

சுவிட்சைப் போட்டால் ஃபான் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. மேசைக் கணினிக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு இது. இதைக் கேட்ட மாத்திரத்தில் "மதர்போட் போயிட்டு" என்று சொல்கிறவரிடம் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள். மதர்போட் கடைசிச் சந்தேகம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு ஸ்குறூ டிரைவரே தேவையில்லை.

வீட்டில் திருத்திப் பழகுகிறவர்கள் சாமானைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: பழுது எதுவென்று பிடிபடுவதற்கு முன்பே கழற்றத் தொடங்கிவிடுவது. மூன்று சாமானை ஒரேயடியாக மாற்றிவிட்டு மெஷின் ஓடினால் எது பழுதாக இருந்தது என்று தெரியாது. ஓடாவிட்டால், புதிதாக எதையாவது கெடுத்துவிட்டோமா என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள், மாற்றியதும் போட்டுப் பாருங்கள், கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். இவ்வளவு ஒழுங்கு இருந்தால் மல்டிமீட்டர்கூட இல்லாமல் நிறையப் பழுதுகளைப் பிடித்துவிடலாம்.

படம் வராத மெஷின்

முதலில் கேபிள். கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெஷினைத் தூசி தட்டித் திரும்ப வைக்கும்போது மொனிட்டர் வயரை மதர்போட்டின் துளையில் குத்திவிடுவது சர்வ சாதாரணம். இன்டெல் சிப்பின் (மெஷினின் மூளையான சிபியூவின்) பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் படம் தரும் பகுதியே கிடையாது. அந்தத் துளையில் எத்தனை வருடம் குத்தி வைத்தாலும் கறுப்புத் திரைதான். வயர் கார்டிலே குத்தியிருக்கிறதா, மொனிட்டரில் தெரிவுசெய்த இன்புட் சரிதானா என்று பாருங்கள். வேறொரு வயரை அல்லது டீவியை வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது ரேம், மதர்போட்டில் நீளமாகக் குத்தியிருக்கும் நினைவகத் துண்டு. படம் வராத மெஷின்களில் இங்கேயே விஷயம் முடிவது மிக அதிகம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் நிலைமின் தொல்லை குறைவு, ஆனால் ஏசி நாள் முழுக்க ஓடும் அறையில் அந்த நம்பிக்கை வேண்டாம். ரேமின் இரு முனைகளிலும் உள்ள கிளிப்பைத் திறந்து, விளிம்பில் பிடித்து வெளியே எடுங்கள். தங்க நிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஏனென்றால் ஊதும்போது எச்சில் தெறிக்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றால் இந்தப் பற்களில் ஒரு மங்கல் படலம் படியும். துடைத்த துணியைப் பார்த்தாலே தெரியும்.

திரும்பப் போடும்போது ஒரு ரேமை மட்டும் போடுங்கள். நாலு இடம் உள்ள போட் என்றால் சிப்பிலிருந்து எண்ணும்போது இரண்டாவது இடம். இரண்டு முனையிலும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அமர்த்த வேண்டும்; புதிதாகச் செய்கிறவர்கள் பயந்து பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஓடவில்லை என்றால் அதே ரேமை வேறு இடத்தில், பிறகு மற்ற ரேமை அதே இடத்தில். நாலு தடவை மாற்றிப் போட்டுப் பார்த்தால் பழுது ரேமிலா, இடத்திலா என்று பிரிந்துவிடும். டீடீஆர்5 ரேம் உள்ள புது மெஷின் முதல் தடவை ஓடும்போதும், ரேமை மாற்றிய பிறகும், சில நிமிடம் கறுப்புத் திரையாகவே நிற்கும். அது ரேமைப் பரீட்சித்துப் பார்க்கும் நேரம். அவசரப்பட்டு ஓஃப் பண்ணினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, மதர்போட்டில் உள்ள நாணயப் பற்றரி. இலக்கம் 2032, புதிதில் 3 வோல்ட்டும் கொஞ்சமும் இருக்கும். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். இது தீர்ந்த மெஷினில் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும், அதனால் இணையத்தளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். ஆட்கள் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்துப் போடுவார்கள். பற்றரியை 5 நிமிடம் கழற்றி வைத்தால் பயோஸ் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தொடக்க நிலைக்குத் திரும்பும், படம் வராத சில மெஷின்கள் இதிலேயே எழும்பிவிடும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் ஓடிக்கொண்டிருந்தால், பயோஸ் அமைப்பு மாறியதும் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளவை திரும்பாது. லப்டொப்களில் இந்தப் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் போடப்பட்டிருப்பது வழக்கம். மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போய் அந்த இலக்கத்தை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் பவர் சப்ளை. சிப்புக்கு என்று தனியாக வரும் 4 அல்லது 8 பின் வயர் மதர்போட்டின் மேல் மூலையில் முழுதாக அமர்ந்திருக்கிறதா? கிராபிக்ஸ் கார்டுக்குரிய 6 அல்லது 8 பின் வயர்? பெரிய 24 பின் வயரைக் கழற்றி, பச்சை வயரின் துளையையும் அருகிலுள்ள கறுப்பு வயரின் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு சுவரில் கரண்டைப் போட்டால் பவர் சப்ளை தனியாக ஓடும். கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதும் பிளக் கழற்றிய நிலையில் மட்டும். மல்டிமீட்டரை டீசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் பிடியுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். ஊதா வயரில் கிளிப் இல்லாமலே 5 வோல்ட் நிற்கும்; அதுவே இல்லை என்றால் வேறொன்றும் பார்க்க வேண்டியதில்லை, பவர் சப்ளைதான் பழுது. வயர் முழுக்கக் கறுப்பாக வரும் புதிய வகைகளில் நிறத்தை நம்ப முடியாது, பின்களின் வரைபடத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, சுமை இல்லாமல் சரியாகக் காட்டும் பவர் சப்ளை சுமை ஏறியதும் விழுந்துவிடலாம். ஆகவே இந்தச் சோதனையில் தோற்றால் பழுது உறுதி, தேறினால் சந்தேகம் கொஞ்சம் குறைந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டால் கிணுகிணுக்கும் பெட்டி

மெஷினின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் கிணுகிணுக்கிறது என்றால் எர்த் இல்லை. பவர் சப்ளையின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து கசியும் சிறிய கரண்ட் எர்த் வயர் வழியே போக வேண்டும். வழி இல்லாதபோது பெட்டியிலேயே தங்குகிறது. கொழும்பில் பழைய வீடுகளிலும் பிரித்து வாடகைக்கு விட்ட மேல்மாடிகளிலும் இது நிறைய. உருண்டைப் பின் பிளக், சதுரப் பின் பிளக், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு அடப்டர், அந்த அடப்டரில் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக். எர்த் துளைக்குள் பேனையைக் குத்தி இரண்டு பின்னை நுழைப்பதைப் பற்றி என்ன சொல்வது.

இது ஆளுக்கு மட்டும் தொல்லை இல்லை. எர்த் இல்லாத இரண்டு சாமான்களுக்கு நடுவே எச்டிஎம்ஐ வயரைக் கரண்ட் ஓடும்போதே குத்தினால், அந்த வித்தியாசம் சிக்னல் பின் வழியே பாய்ந்து படம் அனுப்பும் சிப்பை எரித்துவிடும். பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கொன்சோல்) ஓடும் சத்தம் கேட்கிறது, வெள்ளை லைட் நிற்கிறது, டீவியில் படம் இல்லை என்றால் ஒன்று இந்தச் சிப், அல்லது வளைந்த எச்டிஎம்ஐ துளை. டீவியையும் கொன்சோலையும் ஓஃப் பண்ணிவிட்டு வயரைக் குத்தும் பழக்கம் காசு கேட்காத காப்புறுதி.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேர இடி நாட்களில் பவர் வயரை மட்டும் கழற்றினால் போதாது. டெலிபோன் லைனும் டீவி அன்டெனா வயரும் மின்னலுக்கு வழிதான். கரண்ட் போன வேளையிலும் பிளக்கைக் கழற்றி வையுங்கள். திரும்ப வரும் நொடியில் வோல்ட் துள்ளும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போய் வந்த காலத்தில் பலரும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். வந்து சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

தூசி, உப்பு, கரப்பான்

கொன்சோல் இரைந்து, சூடாகி, விளையாட்டு நடுவில் நின்றால் முதலில் அது வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட டீவி அலுமாரிக்குள் அது தன் சூட்டையே திரும்ப இழுக்கிறது. பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டுத் திறந்த தட்டில் வைத்தாலே பாதிச் சத்தம் அடங்கும். அடங்காவிட்டால் துப்புரவு.

பழைய பெரிய பிஎஸ்4ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டிக்கரில் மொடல் இலக்கம் சியூஎச் 1000, 1100, 1200 வரிசையில் இருக்கும். ஸ்லிம் 2000 வரிசை, புரோ 7000 வரிசை, அவை திறக்கும் விதம் வேறு. வீடியோ பார்த்துச் செய்வதானால் உங்கள் இலக்கத்துக்குரிய வீடியோதானா என்று உறுதி பண்ணுங்கள். ஸ்குறூக்கள் நடுவில் சிறு முளை உள்ள ஆறு முனை நட்சத்திர வகை. அதற்கு டி8 அல்லது டி9 அளவில், நுனியில் துளையுள்ள டிரைவர் வேண்டும். துளையில்லாத சாதாரண நட்சத்திர டிரைவர் உள்ளே இறங்காது. சில ஸ்குறூக்கள் பின்பக்க ஸ்டிக்கர்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைக் கிழித்தால் வொரண்டி உள்ள சாமானில் கடைக்காரர் கைவிரித்துவிடுவார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். கவிழ்த்து வைத்துக் கீழ்மூடியைத் தூக்குங்கள். மேலே கறுப்புப் பெட்டியாகத் தெரிவது பவர் சப்ளை. அதன் ஸ்குறூக்களை எடுத்து, பக்கத்திலிருந்து போட்டுக்கு ஓடும் மெல்லிய வயர்க் கொத்தைப் பிளக்கோடு பிடித்துக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு உலோக நாக்குகள் கீழிருந்து பவர் சப்ளைக்குள் ஏறியிருக்கும். அதனால் பெட்டியைச் சரிக்காமல் நேரே மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் சூடு வாங்கும் உலோகத் தகடுகள் தெரியும். தூசி ஃபானில் கொஞ்சம்தான் இருக்கும். பெரும்பகுதி தகடுகளின் வாயில், நனைந்த பஞ்சாகக் கட்டிப்பட்டு நிற்கும். ஈரம் கூடிய ஊரில் தூசி உதிராது, ஒட்டும். வெளியிலிருந்து ஊதுவதால் பயன் குறைவாக இருப்பது இதனால்தான். ட்வீசரால் முதலில் கட்டியைப் பிடித்து எடுங்கள், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் காற்று.

காற்றடிக்கும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது ஓட வேண்டிய வேகத்தைத் தாண்டிச் சுற்றி பெயரிங் கெடும். பெட்ரோல் ஷெட்டிலும் டயர் கடையிலும் உள்ள கொம்பிரசரிடம் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். வீட்டு வேக்கியூமின் பிளாஸ்டிக் வாய் நிலைமின்னைச் சேர்க்கும், அதைப் போட்டில் வைக்க வேண்டாம்.

திறந்ததும் கரப்பான் கூடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இருட்டும் சூடும் ஆளில்லாத நேரமும் சேரும் இடம் அது. முட்டைக் கூடுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, எச்சம் பட்ட இடங்களை ஆல்கஹாலால் துடையுங்கள். அந்த எச்சம் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும். பூச்சி மருந்தைப் போட்டின் மேல் அடிப்பது மடத்தனம். பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடந்தால் வேறு கதை: இரண்டு முனையையும் அது உடம்பால் இணைத்திருக்கும், அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டும்.

தகட்டைத் துப்புரவாக்கிய பிறகும் சத்தம் குறையாவிட்டால்தான், சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். அதற்குப் போட்டையே வெளியே எடுக்க வேண்டும், ரிபன் வயர்களும் அன்டெனா வயர்களும் குறுக்கே வரும், புதிதாகச் செய்கிறவருக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்காக இருக்கும். 99 சதவீத ஆல்கஹாலும் பஞ்சுத் துணியும் கொண்டு இரண்டு பக்கமும் பளபளக்கும்வரை துடைத்து, நடுவில் ஓர் உளுந்து அளவு, 4 மில்லிமீட்டர் போல, வையுங்கள். கூடப் போட்டால் கூடக் குளிரும் என்று நினைப்பது பிழை. பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகத்துக்கு நடுவிலுள்ள காற்றை வெளியேற்றுவது மட்டும். சுற்றிலும் மெமரி சிப்களில் ஒட்டியிருக்கும் மென்மையான பட்டைகள் தேர்மல் பாட். அவை கிழியாவிட்டால் அப்படியே விடுங்கள். மாற்ற நேர்ந்தால் பழையதன் தடிப்பை அளந்து அதே தடிப்பில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினால் சிப்பின் மேல் தகடு அமராது, குறைந்தால் பாட் தொடாது. ஸ்குறூக்களை எதிர் மூலை எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பிஎஸ்5இல் இந்த வேலைக்குப் போக வேண்டாம். அதன் சிப்பில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. அது கரண்டைக் கடத்தும், சிந்தினால் போட் முடிந்தது. முதலில் வந்த பெரிய மொடலில் இரண்டு வெள்ளைத் தகடும் கையாலேயே கழலும். உள்ளே தூசி சேர்வதற்கென்றே துளைகள் விட்டிருக்கிறார்கள், அதில் வேக்கியூம் வாயை வைத்து இழுப்பதோடு நிறுத்துங்கள்.

மேசைக் கணினியில் ஏஎம்டியின் ஏஎம்4 வகை சிப் இருந்தால், குளிர்ந்த நிலையில் ஹீட்சிங்கை (சிப்பின் மேலுள்ள சூடு வாங்கும் தகட்டை) நேரே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் ஒட்டி, சிப் பூட்டியிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வரும், அதன் 1331 பின்களில் சில வளையும். 10 நிமிடம் ஓடவிட்டு, ஓஃப் பண்ணி, சூடு ஆறுமுன் இடமும் வலமும் முறுக்கித் தளர்த்தித் தூக்குங்கள்.

சாகும் டிஸ்க்

மெஷின் எழும்ப ஐந்து நிமிடம், ஃபைல் திறந்தால் உறைகிறது. இதற்கு 'விண்டோஸ் அடிக்கணும்' என்பது கடைகளின் வாடிக்கையான பதில். முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் பழுதான பகுதிகளை எண்ணிக் காட்டும் 05, சீ5, சீ6 என்ற மூன்று வரிகளில் பூச்சியத்தைத் தவிர வேறு இலக்கம் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் சாகிறது. அந்த நிலையில் விண்டோஸ் திரும்பப் போடுவதும், டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை ஓடவிடுவதும் மிச்ச உயிரையும் எடுத்துவிடும். தேவையான படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளியே கொப்பி பண்ணுங்கள், முக்கியமானது முதலில். டக் டக் என்று அடிக்கும் டிஸ்க்கை உடனே ஓஃப் பண்ணுங்கள். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

பிஎஸ்4இன் டிஸ்க் சாதாரண 2.5 அங்குல லப்டொப் டிஸ்க்தான், தடிப்பு 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். பெரிய பழைய மொடலில் பளபளப்பான மூடியைப் பக்கமாகத் தள்ளினால் வரும், விளையாட்டு பட்டன் சின்னங்கள் பொறித்த ஒற்றை ஸ்குறூ அதைப் பிடித்திருக்கும். புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்ட பிறகு கணினியில் ஒரு பென்டிரைவை ஃபாட்32 ஆக ஃபோர்மட் பண்ணி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் பிஎஸ்4 என்ற ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்ற ஃபோல்டர், அதற்குள் நிறுவனத் தளத்திலிருந்து இறக்கிய ஃபைல். இரண்டு ஃபைல் அங்கே இருக்கும். சிறியது ஏற்கெனவே ஓடும் மெஷினைப் புதுப்பிப்பதற்கு. வெறும் டிஸ்க்குக்கு முழு நிறுவல் ஃபைல், கிட்டத்தட்ட 1 ஜிபி அளவிலானது, வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு பீப், 7 விநாடி கழித்து இன்னொரு பீப்; அப்போது விட்டால் சேஃப் மோட் என்ற திருத்தப் பட்டியல் வரும். கொன்ட்ரோலரை வயரால் இணைத்து அதில் ஏழாவது தெரிவை எடுங்கள். இங்கே பலர் மாட்டிக்கொள்வது கொன்ட்ரோலரில்: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர் என்றால் பட்டன் வேலை செய்யாது, டேட்டாவும் போகும் வயராக இருக்க வேண்டும். விளையாட்டின் சேவ்களைப் பழைய டிஸ்க் ஓடும்போதே பென்டிரைவுக்கு எடுக்க மறந்தால் அவை போனதுதான்.

தானாக நகரும் ஸ்டிக்

ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் நடந்தால், உள்ளே கார்பன் தடத்தின் மேல் உராயும் சிறு முனை தடத்தைத் தேய்த்திருக்கிறது. நடுவில் வர வேண்டிய வோல்ட் கொஞ்சம் விலகுகிறது, கொன்சோல் அதைச் சாய்வு என்று படிக்கிறது. பிஎஸ்4 கொன்ட்ரோலரின் பின்பக்கச் சிறு துளையில் ஊசியால் 5 விநாடி அழுத்தி ரீசெட் பண்ணிப் பாருங்கள், பிறகு ஸ்டிக்கின் அடியில் கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டுச் சுற்றுங்கள். தூசி என்றால் சரியாகும். தேய்மானம் என்றால் சில நாளில் திரும்ப வரும்.

நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜோய்கொன் முதலில் திருத்திப் பழக நல்ல சாமான். ஸ்டிக் ரிபன் வயரில்தான் இருக்கிறது, சோல்டரிங் தேவையில்லை. வெளி ஸ்குறூக்கள் மூன்று கால் உள்ள ஒய் வடிவம், அதற்குரிய டிரைவர் இல்லாமல் சின்ன பிலிப்ஸால் முயன்றால் தலை வழுக்கிவிடும். மூடியைச் சட்டென்று பிரிக்காதீர்கள், நடுவில் ரிபன் ஓடுகிறது. பற்றரியின் இணைப்பை முதலில் தூக்குங்கள். ரிபனைப் பிடித்திருக்கும் பூட்டு நகத்தின் பாதி அகலம்கூட இல்லை, நகத்தால் மேலே நிமிர்த்தினால் ரிபன் தானாக வழுகி வரும். நிமிர்த்தாமல் இழுத்தால் பூட்டுத் தெறித்துத் தரையில் தேட வேண்டும். புது ஸ்டிக் போட்டதும் அமைப்பில் கொன்ட்ரோலர் பகுதிக்குள் போய் அளவுதிருத்தம் செய்யுங்கள்.

பிஎஸ்4, பிஎஸ்5 கொன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக்குக்கு 14 சோல்டர் புள்ளி. 350 பாகை, ஃபிளக்ஸ், ஈயம் கலந்த சோல்டரைப் பழையதின் மேல் ஏற்றி இளக்கிப் பிறகு உறிஞ்சுவது என்று முறை இருக்கிறது. ஆனால் முதல் சோல்டரிங் உங்கள் சொந்தக் கொன்ட்ரோலரில் வேண்டாம். செத்த போட் ஒன்றில் 50 புள்ளி எடுத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

வாங்குவதும், நிறுத்துவதும்

லப்டொப், ரேம், எஸ்எஸ்டி போன்றவைக்கு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா, சோல்டர், மல்டிமீட்டர், டிரைவர் செட், வயர் வகைகளுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு. வெறுங்கையோடு போகாதீர்கள், கழற்றிய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். "நானா, இதே வகைதான் வேணும், லப்டொப்புக்குள்ள டீடீஆர்3 எல். ஓடலன்னா எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவீங்க?" என்று கேட்டால், "தம்பி, ஒரு கிழமைக்குள்ள கொண்டாங்க" என்றோ, "போட்டுப் பார்த்தே எடுத்துட்டுப் போங்க" என்றோ பதில் வரும், அந்த வாக்கைப் பில்லில் எழுதி வாங்குங்கள். டீடீஆர்3 எல் 1.35 வோல்ட்டில் ஓடுவது, அதற்கென்று வந்த லப்டொப்பில் 1.5 வோல்ட் டீடீஆர்3 ரேம் ஓடாமல் போகலாம். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போட்டுக்கு ஆகாது, கலந்திருக்கும் சேர்மானம் எண்ணெய்ப் படலமாக நிற்கும்.

லப்டொப்பில் எந்த வேலைக்கும் முன் பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஸ்குறூக்களின் நீளம் இடத்துக்கு இடம் வேறு. ஒரு கார்ட்போட்டில் லப்டொப்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஸ்குறூவைக் குத்தி வையுங்கள். நீளமானது குட்டைத் துளைக்குள் போனால் போட்டையோ கீபோட்டையோ துளைக்கும். தேத்தண்ணி ஊற்றுப்பட்டால் உடனே ஓஃப், சார்ஜரும் பற்றரியும் வெளியே. அரிசி மூட்டைக்குள் வைப்பதால் ஒன்றும் ஆகாது, சீனியும் பாலும் போட்டில் காய்ந்து அரிப்பதை அது தடுக்காது. திறந்து ஆல்கஹாலால் கழுவித்தான் ஆக வேண்டும்.

டச்பாட் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், பற்றரி ஊதியிருக்கிறது. சார்ஜ் ஏற்றாதீர்கள், நெம்பாதீர்கள், மாநகர சபைக் குப்பையில் போடாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறப்பதும் அதே தடைப் பட்டியல்தான். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

படம் வராத கொன்சோலின் சிப்பை 'சூடாக்கித் தருகிறேன்' என்பவர்களையும் விலக்குங்கள். எக்ஸ்பொக்ஸ் 360இன் சிவப்பு வளையத்துக்கு இந்த வைத்தியம் பிரபலமாக இருந்தது. மைக்ரோசொப்ட் 2007இல் அதற்காக வொரண்டியை 3 வருடமாக நீட்டி, 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. வெடிப்பு பெரும்பாலும் சிப்பின் உள்ளேயே இருப்பதால், சூடாக்கும்போது தற்காலிகமாக ஒட்டி, சில கிழமையில் திரும்பப் பிரியும். கடையை விட்டு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஓடுவது திருத்தம் இல்லை. எச்டிஎம்ஐ துளை மாற்றுவது உண்மையான திருத்தம்தான், ஆனால் 19 பின், சூடான காற்று, நுண்ணோக்கி வேண்டிய வேலை. அதைக் கையும் கருவியும் உள்ளவரிடம் கொடுங்கள்.

கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்றால் கழற்றி வையுங்கள். சீரியல் இலக்கத்தைப் படமெடுங்கள். 'ஓடல' என்று மட்டும் சொல்லாமல், எதை எதைப் பார்த்தீர்கள், எப்போது நிற்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே கனமான விளையாட்டொன்றை 20 நிமிடம் ஓடவிடச் சொல்லிப் பாருங்கள். சூட்டுப் பழுது என்றால் அதற்குள் திரும்ப வந்துவிடும்.